மாட்டு வைரஸால் மனிதருக்குப் புற்றுநோய் வருமா?

கேள்வி இதுதான். கேட்ட பெண்ணின் அக்காவுக்கு 46 வயதில் மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து கீமோ நடக்கிறது. சிறு வயதில் வீட்டில் மாடு இருந்தது. கறந்த சூடு ஆறுவதற்குள் அம்மா ஒரு டம்ளர் பாலை அக்காவின் கையில் கொடுத்துவிடுவாராம். இப்போது ஒரு வீடியோ சுற்றுகிறது. பசுக்களிடம் இருக்கும் லுகேமியா வைரஸ் பால் வழியாக வந்து பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயை உண்டாக்குகிறது, அமெரிக்காவில் நிரூபித்துவிட்டார்கள் என்கிறது அது. பார்த்த நாளிலிருந்து அம்மா, "நான்தான் என் பிள்ளைக்கு இதைக் கொடுத்தேன்" என்று அழுகிறார். இது உண்மையா, குழந்தைகளுக்குப் பாலை நிறுத்திவிடலாமா?

முதலில் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். மாட்டின் வைரஸ்தான் ஒருவருக்குப் புற்றுநோயை உண்டாக்கியது என்று இதுவரை ஒரே ஒரு நோயாளியிடம்கூட நிரூபணமாகவில்லை. வீடியோ சொல்லும் ஆய்வு நிஜமாகவே நடந்ததுதான். அதைச் செய்தவர்களும் பொறுப்பான விஞ்ஞானிகள். ஆனால் அவர்கள் கண்டதற்கும் வீடியோ சொல்வதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. நான் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு வைரஸ் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். அந்தத் தூரத்தை முடிந்தவரை விளக்கிச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அந்த வைரஸின் பெயர் பி.எல்.வி., அதாவது மாட்டு லுகேமியா வைரஸ். 1969இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் மில்லரும் அவருடன் வேலை செய்தவர்களும் கண்டுபிடித்தார்கள். இது ரெட்ரோவைரஸ் வகை. மாட்டின் ரத்தத்திலுள்ள பி வெள்ளையணுக்களுக்குள் புகுந்து, தன் மரபுச் செய்தியை அந்த அணுவின் டிஎன்ஏவிலேயே தைத்துவிடும். அப்புறம் ஆயுள் முழுக்க வெளியேறாது. ரத்தம் எங்கெல்லாம் மாடு விட்டு மாடு போகிறதோ அங்கெல்லாம் இதுவும் போகும். ஒரே ஊசியை அடுத்தடுத்த மாட்டுக்குப் போடுவது, கொம்பு நீக்கும் கருவி, சினைப் பரிசோதனைக்குப் போட்ட கையுறையை மாற்றாமல் அடுத்த மாட்டுக்குப் போவது, ரத்தம் குடிக்கும் பெரிய ஈக்கள் எல்லாமே வழிகள்தான். தாயின் சீம்பால், பால் வழியாகக் கன்றுக்கும் போகலாம்.

தொற்றிய மாடுகளில் பெரும்பாலானவை பார்க்க நன்றாகவே இருக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு வெள்ளையணு எண்ணிக்கை ஏறும். நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவற்றுக்குத்தான், அதுவும் பல ஆண்டுகள் கழித்து, நிணநீர்க் கணுக்களில் புற்றுநோய் வரும். அப்படி வந்த மாட்டைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. தாடைக்குக் கீழேயும் தோளுக்கு முன்னாலும் கட்டிகள் புடைத்து நிற்கும். கண்ணுக்குப் பின்னால் கட்டி வளர்ந்தால் விழி வெளியே பிதுங்கி, இமை மூட முடியாமல் மாடு அப்படியே பார்த்துக்கொண்டு நிற்கும்.

அமெரிக்காவில் இது சர்வசாதாரணம். 2007இல் அந்நாட்டு வேளாண் துறை பால் பண்ணைகளின் தொட்டிப் பாலைச் சோதித்தபோது நூற்றுக்கு 83 பண்ணைகளுக்கு மேல் தொற்று தெரிந்தது. பிரிட்டன், டென்மார்க் போன்ற நாடுகள் தொற்றிய மாடுகளைக் கழித்துக் கழித்து வைரஸையே ஒழித்துவிட்டன. அமெரிக்கா அந்தச் செலவை ஏற்கவில்லை. இப்படி ஒரு வைரஸ் பாலில் இருந்தால் மனிதருக்கு வருமா என்று கேட்பது நியாயமான கேள்விதானே?

அப்படிக் கேட்க இன்னும் வலுவான காரணங்கள் உண்டு. ஒன்று, இதற்கு மனிதரில் ஒரு பங்காளி இருக்கிறது: எச்.டி.எல்.வி-1. தென்மேற்கு ஜப்பானில் அதிகம் காணப்படும் இந்த வைரஸ் வயது வந்தவர்களுக்கு ஒருவகை ரத்தப் புற்றுநோயை உண்டாக்குகிறது, தாய்ப்பால் வழியாகவும் பரவுகிறது. இரண்டாவது, எலி. 1936இல் ஜான் பிட்னர் என்பவர், மார்பகப் புற்றுநோய் அடிக்கடி வரும் எலி இனத்தின் குட்டிகளைப் பிறந்தவுடன் எடுத்து வேறு இனத் தாயிடம் பால் குடிக்க விட்டார். வளர்ந்தபோது அவற்றுக்குப் புற்றுநோய் வெகுவாகக் குறைந்தது. தாய்ப்பாலில் ஏதோ ஒன்று போகிறது என்று அன்று சொன்னதுதான் பிறகு எலி மார்பகக் கட்டி வைரஸ் என்று தெரிய வந்தது. ஆக, பால் வழியாகப் போகும் வைரஸ் மார்பகப் புற்றுநோயை உண்டாக்குவது இயற்கையில் நடக்கவே நடக்காத காரியம் இல்லை. மூன்றாவது, 1974இல் வெளிவந்த ஓர் ஆய்வு. தொற்றிய பசுக்களின் காய்ச்சாத பாலைக் குடித்து வளர்ந்த இரண்டு சிம்பன்சிக் குட்டிகள் ரத்தப் புற்றுநோயால் இறந்தன. இரண்டே இரண்டு குட்டிகள் என்பதையும் சேர்த்தே மனதில் வைக்க வேண்டும்.

பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கெர்ட்ரூட் பியூரிங் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். 2003இல் அவர் குழு 257 பேரின் ரத்தத்தைச் சோதித்தது. நூற்றுக்கு 74 பேரிடம் பி.எல்.வி.க்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. இதை வைத்து நூற்றுக்கு 74 பேருக்குத் தொற்று என்று சொல்லிவிட முடியாது. சூட்டில் செத்த வைரஸின் புரதத்தை உணவில் சாப்பிட்டாலும் உடல் ஆன்டிபாடி செய்யலாம். அதனால் அவர்கள் அடுத்து மார்பகத் திசுவுக்குள்ளேயே தேடினார்கள். 2014இல் திசுவில் வைரஸின் டிஎன்ஏ இருப்பதாக அறிவித்தார்கள். 2015இல் வந்ததுதான் வீடியோக்காரர்கள் பிடித்துக்கொண்ட ஆய்வு. புற்றுநோய் வந்த பெண்களின் திசுவில் நூற்றுக்கு 59 பேரிடமும், வராதவர்களில் நூற்றுக்கு 29 பேரிடமும் வைரஸின் தடம் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் 96 பெண்களிடம் செய்து 2017இல் வெளியிட்டதில் இது நோய் வந்தவர்களில் நூற்றுக்கு 80, வராதவர்களில் 41. அதில் சிலரிடம், புற்றுநோய் கண்டுபிடிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு எடுத்த சாதாரணத் திசுவிலேயே தடம் இருந்தது. இது சின்ன விஷயம் கிடையாது. காரணம் என்று ஒன்றைச் சொன்னால் அது நோய்க்கு முன்னால் வந்திருக்க வேண்டும் அல்லவா?

சரி, இவ்வளவு இருக்கும்போது ஏன் நிரூபணம் இல்லை என்கிறேன்?

இந்த ஆய்வுகள் எல்லாம் பிசிஆர் முறையை நம்பி நிற்கின்றன. திசுவில் வைரஸின் டிஎன்ஏத் துண்டு கொஞ்சமே இருந்தாலும் அதைக் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டும் முறை இது. அதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கடைசிக் குழாயில் மாதிரிக்குப் பதிலாக வெறும் சுத்தமான நீர் விடுவோம். அதில் ஒன்றுமே வரக்கூடாது. ஒருநாள் மாலை, பெருக்கிய டிஎன்ஏவைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லைப் புற ஊதா விளக்கின் மேல் வைத்துப் பார்க்கிறேன், தண்ணீர் விட்ட வரிசையிலும் பட்டை ஒளிர்கிறது, மெல்லிசாக, ஆனால் வைரஸின் பட்டை வர வேண்டிய அதே உயரத்தில். அதற்கு முன் வந்த இரண்டு மாத முடிவுகளும் அந்த நிமிடமே சந்தேகத்துக்குள் போயின. புதுக் கரைசல், புதுக் குழாய், வேறு அறை என்று மூன்று வாரம் மாற்றி மாற்றிப் பார்த்தோம். கடைசியில், திரவத்தை அளந்து எடுக்கும் ஒரு பிப்பெட்டின் தண்டுக்குள் பழைய மாதிரியின் துளி ஏறி உலர்ந்திருந்தது தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத துளி. மாட்டு வைரஸைத் தேடுபவர்களுக்கு இந்தக் கவலை இன்னும் அதிகம். ஆய்வகத்தில் செல் வளர்க்க ஊற்றும் சீரமே மாட்டுக் கருவின் ரத்தத்திலிருந்து எடுப்பதுதான்.

இது வெறும் பயம் இல்லை. எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற எலி வைரஸை 2006இல் மனிதரின் புராஸ்டேட் புற்றுநோயில் கண்டதாகச் சொன்னார்கள். 2009இல் தீராச் சோர்வு நோயிலும் கண்டதாக இன்னொரு குழு அறிவித்தது. நோயாளிகள் நம்பிக்கையோடு மருந்துகூட எடுக்கத் தொடங்கினார்கள். கடைசியில் அது முழுக்க ஆய்வக மாசு என்று தெரிந்து இரண்டு கட்டுரைகளும் திரும்பப் பெறப்பட்டன. பெர்க்லி குழுவின் முடிவும் மாசுதான் என்று நான் சொல்லவில்லை. எடுத்த முன்னெச்சரிக்கைகளை அவர்கள் விவரமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் தங்களோடு தொடர்பில்லாத ஆய்வகங்களும் அதையே காணும்வரை யாரும் இறுதி முடிவு சொல்ல மாட்டார்கள்.

மற்றவர்கள் என்ன கண்டார்கள்? பிரேசிலில் ஒரு குழு பெர்க்லியைப் போலவே வித்தியாசம் கண்டது. சீனாவில் 91 நோயாளிகளிடம் தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த இருவர் 2016இல் 51 மார்பகக் கட்டிகளின் முழு மரபணுத் தொகுதியை அலசினார்கள். ஒன்றிலும் இல்லை. ஜப்பானில் பால் மாடுகளில் பத்துக்கு நான்கு தொற்றியவை. அங்கே மனித மாதிரிகளில் தேடி 2022இல் வெளியிட்ட முடிவும் இல்லை என்பதுதான்.

அந்த 51 கட்டிகளின் முடிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ரெட்ரோவைரஸ் ஒரு செல்லின் டிஎன்ஏவில் தன்னைத் தைத்துக்கொள்ளும் என்றேன். எந்த இடத்தில் தைக்கும் என்பது ஒவ்வொரு செல்லிலும் வேறு. புற்றுநோய்க் கட்டி ஒரே செல்லிலிருந்து பெருகி வருவது. அதனால் வைரஸ்தான் அந்த முதல் செல்லைக் கெடுத்தது என்றால், கட்டியின் அத்தனை செல்லிலும் வைரஸ் அதே இடத்தில் தைத்திருக்கும். மாட்டின் கட்டியில் அப்படித்தான் இருக்கிறது. எச்.டி.எல்.வி-1 உண்டாக்கும் மனிதப் புற்றுநோயிலும் அப்படித்தான். குற்றம் நடந்த வீட்டில் ஒவ்வொரு கதவிலும் ஒரே கைரேகை கிடைப்பது மாதிரி. மனித மார்பகக் கட்டியில் இந்தக் கைரேகையை இன்றுவரை யாரும் காட்டவில்லை. பெர்க்லி குழு கண்டதும் அங்கொன்றும் இங்கொன்றுமான செல்களில்தான்.

வைரஸ்தான் காரணம் என்று நினைப்பவர்களிடமும் இதற்குப் பதில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. சில வைரஸ்கள் தொடங்கி வைத்துவிட்டுப் போய்விடும். ஸ்காட்லாந்து மலைகளில் பிராக்கன் என்ற பெரணிச் செடியைத் தின்னும் மாடுகளுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தது. கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் குழு துருவியபோது மாட்டு பாப்பிலோமா வைரஸ் முதலில் மருக்களை உண்டாக்குவதும், பெரணியின் நஞ்சு அந்த மருவைப் புற்றாக மாற்றுவதும் தெரிந்தது. ஆனால் முற்றிய புற்றுக்குள் வைரஸின் டிஎன்ஏ கிடைக்கவில்லை! ஆகையால், கட்டியில் இல்லை என்பதாலேயே சம்பந்தமில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மாட்டில் அதை நிரூபிக்க மருவிலிருந்து புற்று வரை ஒவ்வொரு படியையும் காட்டினார்கள். மனித மார்பகத்தில் அப்படி ஒரு படியும் இன்னும் காட்டப்படவில்லை.

அந்தப் பாப்பிலோமா வைரஸ் மனிதருக்கு வருமா என்று சிலர் கேட்பார்கள். இறைச்சி வெட்டுபவர்களின் கைகளில் மரு அதிகம் வரும், அதனால் மாட்டிடமிருந்து தொற்றியது என்றே வெகுகாலம் நினைத்தார்கள். சோதித்துப் பார்த்தால் அது எச்.பி.வி-7, அதாவது மனித பாப்பிலோமா வைரஸின் ஒரு வகைதான். ஈரத்திலும் குளிரிலும் ஊறிக் கீறல் விழுந்த தோலில் அது எளிதாகப் பிடித்துக்கொள்கிறது.

நாடுகளை ஒப்பிட்டாலும் படம் தெளிவாகவில்லை. பிரிட்டன் 1999இலிருந்து பி.எல்.வி. இல்லாத நாடு. டென்மார்க்கின் மாடுகளிலும் வெகுகாலமாக இல்லை. ஆனால் டென்மார்க்கின் மார்பகப் புற்றுநோய் விகிதம் உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. முன்பே தொற்றிய பெண்களாக இருக்கலாம், இறக்குமதி உணவாக இருக்கலாம் என்று பதில் சொல்ல இடம் உண்டு. இருந்தாலும் வைரஸ்தான் முக்கியக் காரணம் என்றால் ஒழித்த நாடுகளில் ஏதாவது ஒரு இறக்கம் தெரிய வேண்டும்.

இனி ஹைடெல்பெர்க் கதை. உங்கள் வீடியோவில் அது இருந்ததா தெரியவில்லை, இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரில் வேலை பார்த்த வைரஸ் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன் சாதாரண ஆள் இல்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஹெர்ப்பீஸ் வைரஸ்தான் காரணம் என்று 1970களில் உலகமே நம்பியபோது, இல்லை, பாப்பிலோமா வைரஸ் என்று தனியாக நின்றார். 1983இல் எச்.பி.வி-16ஐயும் அடுத்த ஆண்டு எச்.பி.வி-18ஐயும் அவர் குழு கண்டது. 2006இல் தடுப்பூசி வந்தது, 2008இல் நோபல் பரிசு. இப்படிப்பட்டவர், சிவப்பிறைச்சி அதிகம் சாப்பிடும் நாடுகளில் பெருங்குடல் புற்றுநோய் அதிகமாவதற்குப் பின்னால் மாட்டிலிருந்து வரும் தொற்று ஒன்று இருக்கலாம் என்று 2012இல் எழுதினார். மங்கோலியாவில் இறைச்சி ஏராளம், ஆனால் ஐரோப்பிய இனப் பசுவின் இறைச்சி குறைவு, பெருங்குடல் புற்றுநோயும் குறைவு. ஜப்பானிலும் கொரியாவிலும் மாட்டிறைச்சி பெருகியபின் நோயும் பெருகியது. இந்தியாவில் இரண்டும் குறைவு.

பிறகு அவரும் அவர் மனைவி எதெல்-மிஷெல் டி வில்லியர்ஸும் சேர்ந்து கடையில் விற்கும் பாலிலும் மாட்டு ரத்தத்திலும் சின்னச் சின்ன வட்ட டிஎன்ஏக்களைப் பிரித்தெடுத்தார்கள். பி.எம்.எம்.எஃப். (மாட்டிறைச்சி, பால் காரணிகள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று பெயர் வைத்தார்கள். இவை முழு வைரஸும் இல்லை, பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏவுக்கு நெருக்கமானவை. அவர்கள் கருத்துப்படி இவை நேரடியாகப் புற்றை உண்டாக்குவதில்லை. பச்சைக் குழந்தையாக இருக்கும்போதே குடலில் குடியேறி, பல பத்தாண்டுகள் மெல்லிய அழற்சியைக் கிளறிக்கொண்டே இருந்து, பக்கத்துச் செல்களின் டிஎன்ஏ பழுதாக வழி செய்கின்றன. 2021இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் பெருங்குடல் கட்டிகளைச் சுற்றிய திசுவில் இவற்றின் புரதம் தெரிந்தது. ஆனால் ஜெர்மனியின் அரசு இடர் மதிப்பீட்டு நிறுவனமும் மாக்ஸ் ரூப்னர் நிறுவனமும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தொடர்பு உண்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றன. 2023இல் சூர் ஹவுசன் காலமானார். கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது.

எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் பால் விஷயத்தில் இந்தக் கருத்து இடறுகிறது. பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோரை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வுகளில், பால் அதிகம் குடிப்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் சற்றுக் குறைவாகவே இருக்கிறது. கால்சியம் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இறைச்சியைப் பற்றிய எச்சரிக்கை வேறு. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் அறிவித்ததற்கு எந்த வைரஸும் தேவைப்படவில்லை.

நாட்டு மாட்டுப் பால் விற்பவர்கள் சிலர் இந்த ஐரோப்பிய இன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, ஏ2 பால் குடித்தால் புற்றுநோய் வராது என்கிறார்கள். ஏ2 என்பது பாலிலுள்ள ஒரு புரதத்தின் வகை. வைரஸுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நாட்டு மாட்டுப் பால் பிடித்தால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் அக்காவின் நோயைக் காட்டி லிட்டருக்கு இரண்டு மடங்கு கேட்பவரிடம் வாங்காதீர்கள்.

குழந்தைகளுக்குப் பாலை நிறுத்த வேண்டாம். பி.எல்.வி. சூடு தாங்காத வைரஸ். 72 டிகிரியில் 15 விநாடி வைக்கும் பாஸ்சரைசேஷனிலேயே செத்துவிடும். நம் வீடுகளில் பாக்கெட் பாலைக்கூட மறுபடி பொங்கக் காய்ச்சித்தான் குடிக்கிறோம், சீம்பாலையும் வேகவைத்துத்தான் சாப்பிடுகிறோம். பச்சைப் பால் மட்டும் இனி யாருக்கும் வேண்டாம். அதற்குக் காரணம் புற்றுநோய் பயம் அல்ல. புரூசெல்லோசிஸ் என்ற காய்ச்சல் நோயும் மாட்டுக் காசநோயும் அதில் நிஜமாகவே வரும், நான் பார்த்திருக்கிறேன்.

வைரஸால் வரும் புற்றுநோயைத் தடுக்க வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தால், நிரூபணமான வழிகள் இரண்டு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. வீட்டில் 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தை இருந்தால் எச்.பி.வி. தடுப்பூசி. பிறந்த குழந்தைக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி, அது கல்லீரல் புற்றுநோயைத் தடுக்கும். இரண்டுமே மனித வைரஸ்கள், மாட்டுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய பயாப்சி அறிக்கையில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று, கட்டி எந்த மருந்துக்கு மசியும் எனக் காட்டும் மூன்று பெயர்கள் இருக்கும். சிகிச்சையை முடிவு செய்வதில் அவற்றுக்குத்தான் பெரிய பங்கு. நாளைக்கே யாராவது அந்தக் கட்டியில் மாட்டு வைரஸ் இருக்கிறது என்று சொன்னாலும் அவருடைய மருந்தில் ஒரு மில்லிகிராம்கூட மாறாது. அப்படிச் சோதித்துத் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நீங்கள் அவருடைய தங்கை என்பதால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கு 46இல் வந்திருக்கிறது. உடன்பிறந்தவருக்கு வந்த வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்பே பரிசோதனையைத் தொடங்கச் சொல்லும் மருத்துவர்கள் பலர். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு 36. அந்த வயது தாண்டியிருந்தால், அக்காவை அடுத்த கீமோவுக்கு அழைத்துப் போகும் நாளிலேயே மேமோகிராம் பற்றியும், பரம்பரையாக மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் காட்டும் பிராக்கா மரபணுச் சோதனை தேவையா என்பது பற்றியும் அதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அம்மாவையும் கூட அழைத்துப் போங்கள். பாலால்தான் வந்ததா என்று அவரே டாக்டரிடம் நேரில் கேட்கட்டும்.